பழைய கரிஷ்மாவா, ஆர்15ஆ, சிபிஆர் 250ஆ? சிலிண்டர் பிளாக்கை வைத்து முடிவெடுங்கள்

குறைந்த விலையில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் தேடுபவர்கள் சுற்றிச் சுற்றி மூன்று வண்டிகளில்தான் வந்து நிற்பார்கள். 2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஷ்மா, 2008இல் வந்த யமஹா ஆர்15 (2011இல் வந்த வெர்ஷன் 2 உட்பட), 2011இல் வந்த ஹோண்டா சிபிஆர் 250ஆர். மூன்றுமே இன்றும் சாலையில் நிறைய ஓடுகின்றன, மூன்றுக்கும் உயிரையே கொடுக்கும் ரசிகர்கள் உண்டு. விற்பவர் ஸ்டார்ட் செய்து இரண்டு முறை ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினால் மூன்றும் அழகாகத்தான் உறுமும்.

காகிதத்தில் உள்ள பவர் கணக்கு இந்த வயதில் அதிகம் உதவாது. கரிஷ்மா 223 சிசி ஏர்கூல்டு என்ஜினில் சுமார் 17 குதிரைசக்தி தந்தது. ஆர்15 அதே 17ஐ 149.8 சிசியில், லிக்விட் கூலிங், நாலு வால்வு, 10.4:1 கம்ப்ரஷன் வைத்து எடுத்தது. சிபிஆர் 249 சிசியில் சுமார் 25. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சிலிண்டர் தேய்ந்துவிட்டால் என்ன செய்ய முடியும்? இந்த மூன்றும் உண்மையில் பிரிவது இந்தக் கேள்வியில்தான். வாங்கிய பிறகு ஆகும் செலவும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான்.

மூன்று பிளாக், மூன்று கதி

கரிஷ்மாவின் சிலிண்டரில் உள்ளே இருப்பது பழைய முறை இரும்பு லைனர், அதாவது பிஸ்டன் உரசும் உள் குழாய். தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு (உட்சுவரைச் சற்று அகலமாகக் கடைந்து), ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி ஓட்டலாம். போர் அளவு (சிலிண்டரின் உள்விட்டம்) 65.5 மி.மீ. முதல் ஓவர்சைஸ் 0.25, அடுத்தது 0.50. இந்த வேலையில் கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: பிஸ்டன் வாங்குவதற்கு முன்பே சிலிண்டரைப் பட்டறையில் கொடுத்து, "கால் எம்எம் அடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு வருவது. அப்படிச் செய்யக் கூடாது. பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். பட்டறைக்காரர் பிஸ்டனின் ஸ்கர்ட்டை, அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பின் துளைக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். பிஸ்டன் 65.73 வந்தால் சிலிண்டர் 65.75, 65.76க்குள் முடிய வேண்டும். இடைவெளி அதிகமானால் குளிர்ந்த என்ஜினில் பிஸ்டன் தட்டும். குறைவானால் முதல் நூறு கிலோமீட்டரிலேயே பிடித்துக்கொள்ளும். போர் முடிந்ததும் ஹோனிங் போட்டாரா என்று உள்ளே பாருங்கள். குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் ரிங் உட்காராது, புதுப் பிஸ்டன் போட்டும் புகைதான் வரும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைப் பலரும் செய்வதில்லை. சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் சிலிண்டர் சுவரில் உழவு ஓட்டியதுபோல் கோடு விழும். போட்ட காசு மொத்தமும் போய்விடும்.

ஆர்15இல் இந்த வழியே கிடையாது. அதன் சிலிண்டருக்கு லைனர் இல்லை. யமஹா 'டயாசில்' என்று பெயர் வைத்த அலுமினியம் - சிலிக்கான் உலோகக் கலவையில், சிலிக்கான் சுமார் 20 சதவீதம் சேர்த்து, ஒரே வார்ப்பாகச் செய்த பிளாக். பிஸ்டன் உரசுவது அந்தக் கடினமான சிலிக்கான் துகள்கள் மீதுதான். சூடு சீக்கிரம் வெளியேறும், எடை குறைவு, ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியில் தேய்மானமும் மிகக் குறைவு. ஆனால் ஒருமுறை கோடு விழுந்துவிட்டால் போர் போட முடியாது. லேத்தில் அறுத்தால் சிலிக்கான் துகள் உடைந்தும் பிடுங்கிக்கொண்டும் வரும். தொழிற்சாலையில் கொடுத்த அந்த மேற்பரப்பு திரும்ப வராது. பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்த்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

"இரும்பு லைனர் அடிச்சுத் தர்றேன், பாதி காசுல முடிஞ்சிடும்" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஆர்15இன் பிஸ்டன் ஃபோர்ஜ்டு வகை. சூட்டில் நன்றாக விரியும். அலுமினிய பிளாக்கும் கூடவே விரிவதால் இடைவெளி கெடாமல் இருக்கிறது. இரும்பு லைனர் அந்த அளவுக்கு விரியாது. அதே இடைவெளியில் மாட்டினால் பைபாஸில் தொடர்ந்து பத்து நிமிடம் முறுக்கியதும் பிஸ்டன் பிடிக்கும். பயந்து இடைவெளியைக் கூட்டினால் குளிரில் தட்டும், ஆயில் குடிக்கும். லைனர் அடித்த ஆர்15 என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

சிபிஆர் 250இல் இருப்பது இரும்பு லைனர்தான், ஆனால் மெல்லிய சுவர். வெளிப்புறம் முழுக்க முள் முள்ளாக வார்த்து அலுமினியத்துக்குள் இறுக்கியிருப்பார்கள். அலுமினியத்தோடு நன்றாகப் பிடித்துக்கொண்டு சூட்டைச் சீராகக் கடத்தத்தான் அந்த முள். போர் 76 மி.மீ., ஸ்ட்ரோக் 55. இவ்வளவு அகலமான பிஸ்டனுக்கு, இவ்வளவு மெல்லிய லைனரில் போர் போடுவதைவிட நல்ல பிளாக் தேடி மாற்றுவதே சரி. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையில் ஆர்15 பிளாக் அளவுக்கு சிபிஆர் பிளாக் சுலபமாகக் கிடைக்காது. பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது இங்கே விற்பனையும் நின்றுவிட்டது.

வாங்குமுன் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட்

சத்தம் கேட்டு என்ஜினை எடைபோடுவது அனுபவசாலிகளுக்கே ஏமாற்றும். கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக் கழற்றி கேஜ் மாட்ட வேண்டும், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடிக்க வேண்டும். திறக்காமல் பார்த்தால் எந்த நல்ல என்ஜினும் குறைவாகத்தான் காட்டும். ஆர்15, சிபிஆர் இரண்டிலும் ஃபியூயல் பம்ப் கனெக்டரைக் கழற்றிவிட்டு செல்ஃப் போடுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் சிலிண்டரைக் கழுவிவிடும். முள் ஏறி நின்ற அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் தேய்ந்தது ரிங்கோ சிலிண்டரோ. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு.

முதல் விடை வந்தால், கரிஷ்மா என்றால் பேரம் பேசலாம். ஆர்15 என்றால் முழு பிளாக் கிட் விலையைக் கழித்துப் பேசுங்கள். சிபிஆர் என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவது நல்லது. இரண்டாவது விடை, அதாவது வால்வு என்றால், மூன்றிலும் சரிசெய்யக் கூடியதுதான்.

ஆயில் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்15 என்ஜின் கொள்வது சுமார் ஒரு லிட்டர்தான். அதில் 300 மி.லி. குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம். டயாசில் பிளாக்கைக் கொல்வது பெரும்பாலும் கிலோமீட்டர் அல்ல, இந்தக் குறைந்த ஆயில்தான். சிபிஆருக்கு ஆயில் மட்டும் மாற்றினால் 1.4 லிட்டர், ஃபில்டரும் சேர்த்தால் 1.5.

சத்தம் போடாத வால்வுதான் ஆபத்து

"டேப்பெட் சத்தமே இல்லை, என்ஜின் வெண்ணெய் மாதிரி" என்று விற்பவர் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். வால்வு தேய்ந்து சீட்டுக்குள் இறங்க இறங்க, வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும், சத்தமும் குறையும். கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல், தன் சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரத்தில் எரிந்துபோகும். சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், ஐடிலில் அணைவதும் இதன் முதல் அறிகுறி. லேசான டிக் டிக் சத்தம் உள்ள என்ஜினே மேல்.

கரிஷ்மாவிலும் ஆர்15இலும் டேப்பெட் ஸ்க்ரூவும் லாக்நட்டும்தான். குளிர்ந்த என்ஜினில், டைமிங் குறியை டி.டி.சி.யில் (கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி, ஃபீலர் கேஜ் லேசாக இழுபடும்படி வைத்தால் போதும். லாக்நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் விட்டுப் பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள்.

சிபிஆரில் இரண்டு கேம், இடைவெளியைத் தீர்மானிப்பது ஷிம் எனும் சிறு உலோக வில்லை. குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.16, எக்ஸாஸ்ட் 0.27 மி.மீ.; இரண்டிலும் 0.03 கூடக்குறைய இருக்கலாம். ஹோண்டா இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ரோலர் ராக்கரை நகர்த்தி, கேம் ஷாஃப்டைக் கழற்றாமலே ஷிம் மாற்றலாம். கணக்கு எளிது: அளந்த இடைவெளியிலிருந்து வேண்டிய இடைவெளியைக் கழித்து, பழைய ஷிம் கனத்தோடு கூட்டுங்கள். எக்ஸாஸ்டில் 0.20 வருகிறது, பழைய ஷிம் 1.800 என்றால், 0.20 - 0.27 + 1.800 = 1.730. ஷிம் 0.025 படியாக வருவதால் 1.725 போடுங்கள், இடைவெளி 0.275இல் நிற்கும். ஷிம்மில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம், பழையதை மைக்ரோமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். ஷிம்மைக் காந்தத்தால் எடுக்கும்போது டைமிங் செயின் போகும் பள்ளத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை ஒன்றரை நாளாகும். 25,000 கி.மீ. தாண்டிய, வால்வு பார்த்ததற்கு பில் இல்லாத சிபிஆர் என்றால் வாங்கியதும் முதல் வேலை இதுதான். ஃபேரிங், டேங்க் எல்லாம் கழற்றவே இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் பல சர்வீஸ்களில் இது தள்ளிப்போயிருக்கும்.

கரிஷ்மாவில் டைமிங் செயினையும் கேளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கரகரவென்று வந்து அடங்கினால் டென்ஷனர் தளர்கிறது. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர்

கரிஷ்மாவுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஃபின்களுக்கு இடையே உள்ள மண்ணைக் கழுவினால் போதும். கோடையில் நகர நெரிசலில் சூடாகும், பவர் கொஞ்சம் சோரும், அவ்வளவுதான்.

மற்ற இரண்டிலும் குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கூலண்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கெட்டிலில் படியும் அதே உப்புதான். ரேடியேட்டரின் ஊசிக் குழாய்களை அடைத்துவிடும். துருநிறமாக இருந்தால் இன்னும் மோசம். ஆயில் பார்க்கும் இடத்தில் காப்பி டிகாக்ஷனில் பால் விட்ட நிறம் தெரிந்தால் வாட்டர் பம்ப் சீலோ ஹெட் கேஸ்கட்டோ போய், தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

வண்டியை ஐடிலில் விட்டு ஃபேன் தானாகச் சுற்றும்வரை பொறுமையாக நில்லுங்கள். சுற்ற வேண்டும், பிறகு நிற்கவும் வேண்டும். எந்நேரமும் சுற்றும்படி நேராக வயர் கொடுத்திருந்தாலும், 'சூடாகாமல் இருக்க' என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தாலும், அதற்குக் காரணமான பழைய கோளாறு இன்னும் உள்ளேயே இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் என்ஜின் சூடேற நேரமாகும். அதுவரை என்ஜினின் கணினியான இசியு கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும், பிளக் கரியாகும்.

கார்புரேட்டரும் இ20 பெட்ரோலும்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த மூன்று வண்டியும் அது வருவதற்கு முன் பிறந்தவை. பழைய ரப்பர் குழாய், ஓ-ரிங் உப்பும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்கின் அடியில் துரு பிடிக்கும். டார்ச் அடித்து டேங்குக்குள் பார்ப்பது கட்டாயம்.

கரிஷ்மாவில் பாதிப்பு வந்தால் கார்புரேட்டரைத் திறந்து ஃப்ளோட் நீடில், ஓ-ரிங் மாற்றினால் தீர்ந்தது. இரண்டு வாரம் ஓட்டாமல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி பெட்ரோலை வடித்துவிடுங்கள். பாதி ஆக்ஸிலேட்டர்வரை நன்றாக வந்து, அதற்கு மேல் இழுக்கவில்லை என்றால் ஸ்லைடின் ரப்பர் டயஃப்ரத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டையே போதும். ஆர்15, சிபிஆரில் துரு நேராகப் பம்ப் ஃபில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் போகிறது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யும்போது த்ராட்டில் பொசிஷன் சென்சார் ஸ்க்ரூவைத் தொடவே விடாதீர்கள். அதை அசைத்து ஐடில் கெட்டுப்போன வண்டிகள் ஏராளம்.

இந்தக் காரணத்தாலேயே கரிஷ்மா வாங்குபவர்களுக்கு 2009இல் வந்த ஃபியூயல் இன்ஜெக்ஷன் இசட்.எம்.ஆர். வேண்டாம், கார்புரேட்டர் கரிஷ்மா அல்லது கரிஷ்மா ஆர் போதும் என்பேன். கரிஷ்மாவின் பலமே தெருமுனை மெக்கானிக் திறந்து பார்க்க முடிவதுதான். இன்னொன்று, 2023இல் வந்த கரிஷ்மா எக்ஸ்.எம்.ஆர். முற்றிலும் வேறு வண்டி. ஆன்லைனில் 'கரிஷ்மா' என்று தேடி அதன் பாகத்தை வாங்கிவிடாதீர்கள்.

பிரேக், டயர், கோன் செட்

ஓட்டும் சுகத்தில் ஆர்15 வெர்ஷன் 2தான் முதலிடம், சந்தேகமே வேண்டாம். டெல்டாபாக்ஸ் ஃபிரேம், அலுமினிய ஸ்விங் ஆர்ம், பின்னால் 130/70 ரேடியல் டயர். வளைவில் சாய்த்தால் சொன்னபடி கேட்கும். ஆனால் முழங்கையும் மணிக்கட்டும் வலிக்கும், பின்னால் உட்காருபவர் உங்களைத் திட்டுவார். முதல் வெர்ஷன் சற்று நிமிர்ந்த இருக்கை, மெல்லிய டயர். தினமும் அலுவலகம் போய்வர அதுவே மேல். கரிஷ்மா 90 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்கப் போகும், டேங்க் 15 லிட்டர். ஆனால் ஐந்து கியர், பின்னால் டிரம் பிரேக், அவசரத்தில் அழுத்தும்போது முன் டிஸ்க்கை மட்டும்தான் நம்ப முடியும். நீண்ட தூரம் இருவராக, நூறைத் தாண்டி, பதற்றமில்லாமல் போக சிபிஆர் ஒன்றுதான் சரி.

சிபிஆர் பார்க்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர் நிலையில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வதுபோல் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிற்று. இந்த வண்டியில் அடிக்கடி வருவது. ஏ.பி.எஸ். உள்ள சிபிஆரில் பின் பெடலை மிதித்தால் முன் காலிப்பரின் மூன்று பிஸ்டனில் ஒன்றும் சேர்ந்து இயங்கும். அதனால் முன் லீவரை மட்டும் பம்ப் செய்து காற்றெடுப்பது போதாது. பெடல் வழி போகும் முன் குழாயையும் தனியாக எடுக்க வேண்டும். டாட் 4 ஃப்ளூயிடை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டியில் ஏ.பி.எஸ். யூனிட் உள்ளே அரித்திருக்கும். கிண்ணத்தில் ஃப்ளூயிட் கறுத்திருந்தால் ஏ.பி.எஸ். இல்லாத சிபிஆரைத் தேடுவதே மேல்.

2009இல் இங்கே வந்த கவாஸாகி நிஞ்ஜா 250ஆரும் இப்போது ஆசைகாட்டும் விலைக்கு வருகிறது. இரட்டைச் சிலிண்டர், 11,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 33 குதிரைசக்தி, அந்தச் சத்தத்துக்கு ஈடில்லை. ஆனால் எட்டு வால்வு, ஷிம் மாற்ற கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், பாகம் வரக் காத்திருக்க வேண்டும். வீட்டில் ஓட வேறொரு வண்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

யாருக்கு எது

ஒரே வண்டிதான், தினமும் ஓட வேண்டும், ஊர் சிறிய ஊர் என்றால் கார்புரேட்டர் கரிஷ்மா. கம்ப்ரஷன் நன்றாக உள்ள, கூலண்ட் சுத்தமான ஆர்15 கிடைத்தால், இளைஞர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கிட் மாற்றும் தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலைதான் உங்கள் வழி, வால்வு வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக் கைவசம் இருக்கிறார் என்றால் சிபிஆர்.

ஆர்15, சிபிஆர் இரண்டுக்கும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை தடத்தில் ஒன்-மேக் பந்தயங்கள் (எல்லோரும் ஒரே மாடலில் ஓட்டும் பந்தயம்) நடந்திருக்கின்றன. ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் கம்பி கோக்கச் சிறு துளை போட்டிருந்தால் அந்த வண்டி தடத்தில் ஓடியது. விலைக்கு ஏற்றபடி என்ஜினைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

2010க்கு முந்தைய வண்டிகள் எல்லாம் 15 வருடத்தைத் தாண்டிவிட்டன. ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, தேதியை விற்பவரே ஐந்து வருடம் நீட்டித்துத் தந்தால் மட்டும் கைமாற்றுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் பார்ப்பார்கள். சிலிண்டர் பிளாக் மாற்றினால் இதில் சிக்கல் வராது, எண் அடித்திருப்பது கிராங்க் கேஸில். முழு என்ஜினையே வேறு வண்டியிலிருந்து தூக்கி மாட்டியிருந்தால்தான் எண் மாறும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கிராங்க் கேஸில் உள்ள கிரீஸைத் துடைத்து, அந்த எண்ணை ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுவிடுங்கள்.